சூடு தெரியாத கால்

மிளகு காயும் சிமெந்துத் தரையில் இரத்தத்தை முதலில் கண்டவள் றிப்கா.

பகல் சாப்பாட்டுக்குக் கணவர் நளீமைக் கூப்பிடத்தான் அவள் கொல்லைப்புறம் வந்தாள். மழை விட்டு வெயில் பிடித்துக்கொண்ட நாட்கள். காலையில் பரப்பிய மிளகு பச்சை மாறிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. நளீம் சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலாலும் மிளகைத் தள்ளிச் சால் விட்டுக்கொண்டே போனார். அவர் போன சால் நெடுகத் திட்டுத் திட்டாக ஏதோ ஈரம். வெற்றிலை எச்சிலாக்கும் என்று நினைத்தாள். குனிந்து தொட்டுப் பார்த்ததும் விரல் பிசுபிசுத்தது.

"நில்லுங்க. அப்பிடியே நில்லுங்க."

"என்ன?"

"இரத்தம்."

நளீம் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தார். பிறகு வேலியோரம் போய் எட்டிப் பார்த்தார்.

"கீரி கடிச்சீக்கும். எந்தக் கோழின்னு பாரு."

"கோழிக்கு ஒண்ணுமில்ல. ஒங்கட கால்."

"என்ட காலா? எனக்கு ஒண்ணும் நோவலியே."

"தூக்குங்க பார்ப்பம்."

அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். பெருவிரலுக்குக் கீழே, பாதம் புடைத்த இடத்தில், ஒரு ஓட்டை. சுற்றிவரத் தோல் வெளுத்து ஊறி, உள்ளே கறுப்பாக இருந்தது. ஒரு நாள் புண் இல்லை அது. மிளகுத் தூசும் இரத்தமும் சீழும் கலந்து வந்த வாடைக்கு றிப்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நளீமோ அதை அடுத்த வீட்டுக்காரன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எப்ப வந்திச்சோ தெரியல்லயே" என்றார்.

அந்த வார்த்தைதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. புண் வருவது உலகத்தில் நடக்கிற காரியம். தன் காலில் வந்த புண்ணுக்கு ஒரு மனிசன் சாட்சியாகக்கூட இல்லையென்றால் என்ன செய்வது?

"அஞ்சு நேரமும் ஒளு எடுத்துக் கால் கழுவுறீங்க. ஒரு நேரமாவது அடிப்பக்கத்தப் பார்த்தீங்களா?"

"பள்ளிவாசல்ல குழாயடியில எல்லாரும் நிக்கக்குள்ள கால மடக்கி மடக்கிப் பார்த்திட்டு நிக்கிறதா? நீ சோத்தப் போடு. வெயில் போறதுக்குள்ள இன்னொருக்கா புரட்டணும்."

உக்குவளையிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி மேலே ஏறும் வழியில் இருக்கிறது அவர்களுடைய வீடு. பின்னால் சரிவில் பலா, கராம்பு, அவற்றில் ஏறிய மிளகுக் கொடி. சொந்தக் கொடி கொஞ்சந்தான். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் மிளகும் நளீமின் தரைக்குத்தான் வரும். கதிரைக் குவித்துச் சாக்கால் மூடி வைத்து, காலால் மிதித்து உதிர்த்து, தரையில் பரப்பிக் காலால் புரட்டி, கடைசியில் காலாலேயே பதம் பார்ப்பார். குதியின் கீழே நாலு மணியை வைத்து உருட்டினால் ஈரம் போய்விட்டதா, இல்லையா என்று அந்தக் கால் சொல்லிவிடும். "ஈரம் பார்க்கிற மெஷின் என்னத்துக்கு, நளீம்ட கால் ஈக்குதே" என்று மிளகு வாங்குகிற யட்டவத்த ரவூப் முதலாளி சபையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். உச்சி வெயிலில் மற்றவர்கள் கால் வைத்ததும் துள்ளி ஓடுகிற தரையில் நளீம் நின்று வெற்றிலை போடுவார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். செருப்பு மட்டும் அந்தத் தரையில் ஏறாது. மனிசர் சாப்பிடுகிற பொருளில் செருப்பு பட்டால் பறக்கத் என்ற இறையருள் போய்விடும் என்பது அங்கே வாப்பாமார் காலத்துப் பேச்சு.

நளீமுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, என்று தெரிந்து வருஷக்கணக்காகிறது. முதலில் இரண்டு காலும் எரிந்துகொண்டே கிடந்தன. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்று ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பார். பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, எரிவு குறைந்து குறைந்து நின்றுபோனது. நளீமின் மூத்தவர் ஹவ்வா பக்கத்து வீட்டில் தனியே இருக்கிற கைம்பெண். அக்காவைத் தாத்தா என்றுதான் அவர்களுக்குள் கூப்பிடுவது; நாத்தனார் என்ற முறையில் றிப்காவுக்கு அவர் மைனி. "நேர்ச்ச பலிச்சிட்டு தம்பி" என்று அந்தத் தாத்தா கண் கலங்கினார். சந்தோஷத்தில் ஒரு கிடாரம் கஞ்சி காய்ச்சிப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். தேங்காய்ப் பால் விட்டுத் துடுப்பால் துழாவியவள் றிப்கா. அதன் பிறகு நளீம் நினைத்தால் மருந்துக் குளிசை போடுவார், நினைக்காவிட்டால் இல்லை.

சத்தம் கேட்டு ஹவ்வா மைனி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். தம்பியின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். அவருக்கு அருவருப்பு இல்லை. அதை றிப்கா எந்தக் கோபத்திலும் மறுக்கமாட்டாள்.

"நோவுதா தம்பி?"

"இல்ல தாத்தா."

"பொறகென்ன. நோவிருந்தாத்தானே பயப்படணும். கராம்பெண்ணையும் மஞ்சளும் வச்சுக் கட்டினா காஞ்சிடும்."

"மைனி, கால்ல ஓட்ட விழுந்தீக்குது. உள்ளுக்கு எவ்வளவு தூரம் போயீக்குதோ தெரியல்ல. மஞ்சளால மூடினா ஆச்சா?"

"நீ ஊரக் கூட்டாத. ஒரு முள்ளுக் குத்தினாலும் அதுக்கு ஒரு பாவம் கழியும். பொறுமையா, சபூரா இரு."

"முள்ளுக் குத்தினது தெரிஞ்சாத்தானே மைனி சபூர் செய்யலாம். இவர் எதுல சபூர் செய்ற?"

"வாய் நீளம் றிப்கா ஒனக்கு."

"கால் சின்னதாகிப் போறதுக்கு வாய் நீளமானாப் பரவாயில்ல."

அன்ஸாப் ஓட்டுகிற த்ரீவீல் ஆட்டோவை அவளே போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். நளீம் ஏறும்போதும் தரையைத்தான் பார்த்தார். "இந்த வெயில விட்டா மழை புடிச்சிடும்" என்றார். "புடிக்கட்டும்" என்றாள். கலேவெலையில் கட்டிக்கொடுத்த மகள் நிஹ்லா போனில் என்ன ஏது என்று கேட்டபோது, "ஒன்ட வாப்பாட காலுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்த இல்லயாம்" என்று சொல்லி வைத்தாள். அன்ஸாப் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டான்.

கிளினிக்கில் புண் கட்டும் அறையில் இருந்த தாதி மிஸ் யாழ்ப்பாணத்தவர், தவமணிதேவி என்று பெயர். மருந்துத் தண்ணீரில் புண்ணைக் கழுவிக்கொண்டே கதை கேட்டார். பிறகு மேசை லாச்சியிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று பொருத்திய சின்னக் குச்சியை எடுத்தார்.

"ஐயா, கண்ணை மூடுங்கோ. நான் காலிலை தொடேக்கை, தெரிஞ்சா ஓம் எண்டு சொல்லுங்கோ. விளங்குதோ?"

"விளங்குது மிஸ்."

நளீம் கண்ணை மூடினார். றிப்கா சுவரோரம் நின்று பார்த்தாள். மிஸ் அந்தத் தூண்டில் நரம்பின் நுனியைப் பெருவிரலில் வைத்து வளையும்படி அழுத்தினார். நளீம் பேசாமல் இருந்தார். நடுப்பாதத்தில் அழுத்தினார். பேச்சில்லை. குதியில், விரலிடுக்கில், மற்றக் காலில். எங்கும் ஓம் வரவில்லை.

மிஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஓம்" என்றார் நளீம்.

மிஸ் அசையவில்லை.

"ஓம்" என்றார் மறுபடியும். "இப்பவும் தெரியுது. ஓம்."

கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி அவர் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெற்றுக் காற்றுக்கு ஓம் சொல்லும் அந்த முகத்தை றிப்காவால் பார்க்க முடியவில்லை. அறையவேண்டும் போலவும் இருந்தது, அள்ளிக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

"காணும் ஐயா, கண்ணைத் திறவுங்கோ." மிஸ் கோபிக்கவில்லை. "எப்பவாவது கால் எரிஞ்சதோ?"

"எரிஞ்சிச்சி மிஸ். பொறகு சுகமாகிட்டு."

"அது சுகமில்லை ஐயா. எரியேக்கை நரம்பு உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்தியிருக்கு. இப்ப அது செத்துப்போச்சு. செத்த பிறகு எப்பிடிக் கத்தும்? நோ எண்டது கெட்ட சாமானெண்டுதான் எல்லாரும் நினைக்கினம். அது வாசல்லை கட்டின நாய். குரைக்காட்டி நித்திரை நல்லா வரும், கள்ளனும் வருவான்."

றிப்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கஞ்சிக் கிடாரம் கண்ணுக்குள் கொதித்தது. நரம்பு செத்த சந்தோஷத்துக்கு ஊருக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் சசிகரன், சின்ன வயசுக்காரர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக, நேராக, ஒரு கோடு.

"இது என்ன இரும்பு?"

நளீம் படத்துக்குக் கிட்டே போனார். "சாக்கு ஊசி" என்றார் மெல்ல.

மூட்டை தைக்கிற தடித்த ஊசி. அது முறிந்து ஒரு பாதி காணாமல் போன நாளிலிருந்து அவர் தரையைக் கூட்டாத நாளில்லை. மிளகோடு மிளகாக முதலாளி வீட்டுக்குப் போனால் மானம் போய்விடும் என்று, மூட்டைகளைக்கூட அவிழ்த்துக் கொட்டிச் சல்லடை போட்டுத் தேடினார். காலில் ஊசியை வைத்துக்கொண்டே நடந்து நடந்து அந்த ஊசியைத் தேடியிருக்கிறார்.

அன்றைக்கே வார்டில் மறித்துக்கொண்டார்கள். ஊசியை எடுத்து, அழுகலை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். மறுநாள் பார்க்கிற நேரத்துக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் கிரியும் கொண்டு போனாள் றிப்கா. பார்சலை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தபின் கட்டிலடியில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும். ரவூப் முதலாளி மிளகத் திருப்பி அனுப்பினாரே, பூஞ்சணம் புடிச்சிட்டுன்னு. ஞாபகமா?"

"சாப்பிடக்குள்ள என்னத்துக்கு அது?"

"நான் ஈரச் சாக்கப் போட்டு மூடினதாலன்னு சென்னீங்க. முதலாளிட ஆளுக்கு முன்னால வச்சுச் சென்னீங்க. 'பொம்பளைட கை பட்டா இப்பிடித்தான்'னு செல்லிச் சிரிச்சீங்க. ஞாபகமா?"

நளீம் இடியப்பத்தைப் பிசைந்தார்.

"குதியில வச்சு உருட்டிப் பார்த்து காஞ்சிட்டுன்னு மூட்ட கட்டினது யாரு? ஒங்கட கால்தானே. காயாத மிளகயும் காஞ்சிட்டுன்னு செல்ற கால். நேத்து அந்த மிஸ்ஸுக்கு ஓம் ஓம்னு சென்ன மாதிரி."

"மெல்லப் பேசு. ஆக்கள் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும். அண்டைக்கும் ஆக்கள் பார்த்திட்டுத்தான் நின்னாங்க."

அடுத்த கட்டிலில் கிடந்த சிங்களப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோபம் எந்த மொழியிலும் விளங்கும். மிளகுக்காரர் வீட்டு நோனாவும் காரந்தான் போலிருக்கிறது என்று தன் மொழியில் சொல்லிச் சிரித்தார். நளீம் சிரிக்கவில்லை. ஒரு வாய் இடியப்பத்தை விழுங்கிவிட்டு, "அது பிழைதான்" என்றார். கிரியில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார். றிப்கா அதை எடுத்துக்கொண்டாள். ஆனால் போதவில்லை அவளுக்கு.

போகத் துண்டுச் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். புண் மூடும்வரை அந்தக் கால் தரையில் படக்கூடாது. பட்டால் விரல் போகும், விரலோடு நிற்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. தவமணிதேவி மிஸ் தன் கைப்பையிலிருந்து வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து றிப்காவின் கையில் வைத்தார்.

"நீங்கள் தொழ முன்னம் கால் கழுவுவியள்தானே. அப்ப இதைக் கீழை பிடிச்சு ரெண்டு பாதத்தையும் பாருங்கோ. அவராலை உணர ஏலாது. கண்ணாலையாவது பாக்கட்டும்."

"ஒங்களுக்கு வேணாமா மிஸ்?"

"என்ரை முகத்தை நான் பாத்து என்ன ஆகப் போகுது. கொண்டு போங்கோ."

றிப்கா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடியை முந்தானையில் பொத்தி வைத்திருந்தாள். வேற்று மதத்துப் பெண் ஒருத்தி தங்கள் தொழுகையை நினைத்து வைத்தியம் சொன்னது அவள் நெஞ்சில் தங்கியது. அந்தப் பெண்ணுக்காக அன்றைக்கு மஃரிப் தொழுகையில் துஆக் கேட்டாள்.

ஆனால் மிளகு யாருடைய காலுக்காகவும் காத்திருக்காது. பறிக்கிறவர்கள் கதிரைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். சாக்குக்குள் கிடந்து சூடேறி வாசம் வந்தது. நளீம் கைபிடி வைத்த கதிரையில் உட்கார்ந்து அந்த வாசத்தை மூக்கால் இழுத்துக்கொண்டே இருந்தார். றிப்கா விடியற்காலையிலும் பொழுதுபட்டும் மிதித்துப் பார்த்தாள். காம்பு குத்திக் குத்திப் பாதம் சிவந்தது. பாதிக் குவியல்கூடக் குறையவில்லை.

குளிசை வாங்க அவள் உக்குவளைக்கு இறங்கிய ஒரு காலையில்தான் அது நடந்தது. திரும்பி வந்தபோது நளீம் தரையில் நின்றார். கட்டுப் போட்ட காலில் ஷொப்பிங் பேக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். கையில் ஒரு பிடிகம்பு. ஹவ்வா மைனி நிழலில் குந்திக் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். பேக்குக்குள் தண்ணீர் நிற்பதுபோல் ஏதோ நின்றது. அது தண்ணீர் இல்லை.

றிப்கா கத்தவில்லை. கிட்டே போய்க் கணவரின் கையைத் தன் தோளில் போட்டு, இறக்கிக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"கம்ப யாரு எடுத்துக் கொடுத்த?"

"ஒரு கொஞ்ச நேரந்தானே றிப்கா. நோவில்லன்னு செல்றான். பதறுறான் பாவம்" என்றார் ஹவ்வா மைனி.

"நோவாதுதான். வெட்டி எடுத்தாலும் நோவாது. ஒங்கட தம்பிட கால எடுத்துக் கொடுத்தது ஒங்கட கை மைனி. சபூர், சபூர்னு செல்லிச் செல்லி எங்கட வாயெல்லாம் மூடினீங்க. அல்லாஹ் நோவத் தந்தது வாய் தொறந்து செல்லத்தான். ஒடம்பு அல்லாஹ் நம்பித் தந்த அமானத்துன்னு மார்க்க பயான்ல கேட்டிட்டு வந்து செல்றீங்களே, அமானத்த இப்பிடியா பார்க்குற?"

"நான் கெடுதிக்கா செஞ்சேன்?"

"கெடுதிக்குச் செஞ்சீங்கன்னா நான் சண்ட புடிச்சிட்டுப் போயிடுவேனே. பாசத்துல செஞ்சீங்க. அதத்தான் என்னால தாங்க ஏலாம ஈக்குது."

மறுபடி வார்டுக்குக் கொண்டுபோனதில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இனியும் தரையில் வைத்தால் அதுவும் கேள்விதான் என்று டொக்டர் நளீமிடம் சொல்லவில்லை, றிப்காவிடம் சொன்னார். அவள் அதை வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள். அதன் பிறகு மைனியோடு அவள் பேசவில்லை. மைனி அனுப்பிய கறிச் சட்டியைக் கழுவி, வெறுஞ்சட்டியாக அனுப்பக்கூடாதென்று கொஞ்சம் சீனி போட்டுத் திருப்பி அனுப்பினாள். அவ்வளவுதான்.

மறுபடி கதிர் வந்து குவிந்த ஒரு பகல். வெயில் வெள்ளையாக எரிந்தது. றிப்கா குசினியில் புண் கழுவத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம், "யா அல்லாஹ்... ஆ... ஆ..." என்று ஒரு முனகல். அடுப்படியை விட்டு ஓடினாள். நளீம் கதிரையில்தான் இருந்தார். தரையில் நின்றது ஹவ்வா மைனி.

வெள்ளைப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு அந்தப் பெரிய உடம்பு மிளகு புரட்டிக்கொண்டிருந்தது. ஒரு கால் வைப்பதும், தூக்கி உதறுவதும், மற்றக் கால் வைப்பதும். வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஒழுகின. ஆனாலும் சால் வளையவில்லை. மிளகுக்காரர் வீட்டில் பிறந்தவர்.

"இறங்குங்க மைனி" என்றாள் றிப்கா. எத்தனையோ நாளைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அது.

"இந்தக் கரைய முடிச்சிட்டு இறங்குறேன். இல்லாட்டி இவன் கதிரையில இருக்க மாட்டான்."

"கால் வெந்து போகும். இறங்குங்கன்னா."

இறங்கவில்லை. றிப்கா போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, நளீமின் கதிரைக்குப் பக்கத்தில் மர வாங்கில் இருத்தினாள். பேசினில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்து மைனியின் இரண்டு காலையும் தூக்கி உள்ளே வைத்தாள். உள்ளங்கால் நெருப்பாகச் சிவந்து, குதியோரம் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. விரலால் மெல்லத் தடவினாள். மைனி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"நோவுதா?"

"நோவுதே."

"எங்க?"

"அந்த இடத்திலதான். இல்ல, கொஞ்சம் இங்கால. ஆ, மெல்ல, மெல்ல."

றிப்காவுக்கு இன்னும் கோபம் போகவில்லை. போகவும் வேண்டாம் என்றிருந்தாள். ஆனாலும் தண்ணீரைக் கையில் அள்ளி, மைனி காட்டிய இடமெல்லாம் விட்டுக்கொண்டே இருந்தாள்.

நளீம் கதிரையிலிருந்து முன்னால் குனிந்தார். கட்டுப் போட்ட தன் காலைப் பார்க்கவில்லை. பேசினுக்குள் இருந்த அக்காவின் காலைத்தான் பார்த்தார்.

"எப்பிடி நோவுது தாத்தா?" என்று கேட்டார். "செல்லுங்களேன்."

ஹவ்வா மைனி முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். பிறகு அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். முதலில் சுரீர் என்று ஊசி குத்தின மாதிரி, பிறகு தோலுக்குள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி, இப்போது தண்ணீர் பட்ட இடத்தில் குளிர்ந்து, குளிர்ந்த இடத்துக்குக் கரையில் விண் விண்ணென்று.

நளீம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.